பழைய மேடையே போதும்

ஷார்ஜாவில் இருபது வருஷம் அடுத்தவர் அடுப்படிகளுக்கு டைல்ஸ் ஒட்டிய நஜீமுதீன், ஒருவழியாக லப்பைக்குடிக்காட்டில் தன் வீட்டு அடுப்படிக்கும் வந்து சேர்ந்தார். கையில் இருந்ததோ ஒரு லட்சம். சிக்கனத்தில் தன்னைவிட்டால் ஆளில்லை என்ற நினைப்பில், "அத்தா கட்டுன மேடைய இடிக்க வேணாம். மேலயே கிரானைட் ஒட்டிடலாம்," என்றார்.

கொத்தனார் கொளஞ்சி தலையைச் சொறிந்தார். "மேடை இன்னும் ஒரு இஞ்ச் ஏறும் பாய். அக்காவுக்கு ரெண்டாவது பலகை வேணும்."

"என்ன பலகை?"

"டீ போடறப்ப ஏறி நின்னாங்களே."

மேடைக்குக் கீழே, நடுவில் தேய்ந்து பள்ளமான மரப்பலகை கிடந்தது. கொத்தனார் பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டார். லீவுக்கு லீவு வந்து பிரியாணியை மட்டும் பார்த்தவருக்கு இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"ஏன் சொல்லல ஜரீனா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நீங்க அடுப்படிப் பக்கம் வந்தாத்தானே சொல்றதுக்கு."

"கிரானைட்டே வேணாம். இடிச்சு உன் உசரத்துக்குக் கட்டிடலாம்."

"இனிமே எதுக்குங்க? நம்ம அனஸுக்குப் பாத்திருக்க பொண்ணு நல்ல உசரம். அவளுக்கு இது சரியா இருக்கும்."

காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு, ஜரீனா பலகைமேல் ஏறி உலை வைத்தாள்.