வேண்டாம் என்கிற ரைட்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கண்டக்டர் கண் விழித்ததும், அவர் மனைவி முதலில் கேட்டது, "என்னங்க, நான் யாருன்னு தெரியுதா?" என்றுதான். அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "ரைட்," என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று காத்திருந்தவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

மிஞ்சியது அந்த ஒரு சொல்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் வேண்டுமா என்றாலும் ரைட், வலிக்கிறதா என்றாலும் ரைட். தலையசைப்பையும் நம்ப முடியவில்லை. எதைக் கேட்டாலும் மேலும் கீழும் ஆடியது. சிலருக்கு வாழ்நாளெல்லாம் வாயில் புழங்கிய ஒரு சொல் மட்டும் தப்பிவிடும் என்றார் டாக்டர். "ரைட் சைடு கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும்மா," என்று நர்ஸ் சொன்னபோது அவளுக்குத் திக்கென்றது. உயிரில்லாமல் கிடக்கும் பக்கத்துக்கும் அதே பெயரா?

புழங்கிய சொல்தான், சந்தேகமில்லை. கடைசி ஆள் படியில் கால் வைத்ததும் ரைட். சில்லறை சரியாக இருந்தால் ரைட்டு. குடித்துவிட்டு வம்பு பண்ணுகிறவனிடம், "ரைட்டு விடுண்ணே." வீட்டுக்கு வந்தாலும் அதேதான். குழம்பில் உப்பு ரைட்டா இருக்கு, இந்தச் சட்டை தோள்ல ரைட்டா உக்காரல, ரைட்டு நான் தூங்கப்போறேன்.

அவள் தையல்காரி. முன்னறையில் மிஷின், அதன் பக்கத்திலேயே இப்போது அவருடைய இரும்புக் கட்டில். தைத்துக்கொண்டே காது கொடுத்துக் கேட்டு, அந்த ஒற்றைச் சொல்லை வகை வகையாகப் பிரித்து வைத்திருந்தாள். வெடுக்கென்று வந்தால் பசி. மெல்ல ஏறி முடிந்தால் ஏதோ கேட்கிறார். இரண்டு முறை வந்தால் மின்விசிறியைக் குறைக்க வேண்டும். நீட்டி இழுத்து, கடைசியில் தேய்ந்து போனால் வேண்டாம். துணி வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "சொல்றதுக்கெல்லாம் ரைட்டுங்கற புருஷன் எவளுக்குக்கா கெடைப்பான்? குடுத்து வச்சவ நீ," என்றாள். கண்டக்டரும் சேர்ந்து சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும்.

மகன் வேறு ஊரில் வேலை பார்த்தான். ஒரு நாள் காலை போன் செய்தவன், ரெண்டு பேரும் தன்னோடு வந்துவிடும்படி சொன்னான். அவள் அப்போது கண்டக்டரின் அக்குளில் கை கொடுத்து நாற்காலிக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் கட்டில் மேல் கிடந்தது. "என்னப்பா, வந்துடறீங்களா?"

"ரை...ட்."

நீளமாக, தேய்ந்து. அவள் மனசுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அவருக்கும் இஷ்டமில்லை.

மகனுக்கு அப்படிக் கேட்கவில்லை. அடுத்த வாரமே வந்து நின்றான். வாசலைப் பார்த்த அறையை அப்பாவுக்கென்று காலி செய்தாகிவிட்டது, உதவிக்கு ஓர் ஆளும் பேசியாகிவிட்டது என்றான்.

"அவரு வேணாம்ங்கறாருடா," என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்தபடி.

"ரைட்டுன்னாரும்மா. என் காதாலயே கேட்டேன்."

"அது வேற ரைட்டு. இழுத்துச் சொன்னா வேணாம்னு அர்த்தம்."

"நீயே ஒரு அகராதி போட்டு வச்சிருக்கியா? உனக்கு வர இஷ்டமில்லன்னா உன் பேர்லயே சொல்லும்மா. எதுக்கு அப்பா பேர்ல சொல்ற?"

"நேத்து வந்தவன் நீ எனக்குச் சொல்லித்தர்றியா? அவரு மூச்சு விட்டாலே எனக்குத் தெரியும்டா!"

குரல் தெருவரைக்கும் போயிருக்கும். அப்போது கட்டில் சட்டத்தில் டொம் என்று ஒரு சத்தம். கண்டக்டர் இடது உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டியிருந்தார். அவள் வாயை மூடினாள். மகனோ நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டான். சின்ன வயதில் லீவு நாளெல்லாம் அப்பாவின் பஸ்ஸில் சுற்றியவன்.

"ஸ்டாப்," என்றான் மெதுவாக. "அம்மா, பஸ்ஸுல ஒரு தட்டு தட்டினா ஸ்டாப். ரெண்டு தட்டினா போலாம்." கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். "அப்பா, நான் உங்க பையன்தானே?"

டொம், டொம்.

"இவங்க உங்க அக்காவா?"

டொம். கோணல் வாய் சிரித்தது.

இத்தனை நாள் இது தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நெஞ்சில் பயமில்லை. "கேளுடா. உன் வீட்டுக்கு வராரான்னு இப்பக் கேளு."

மகன் கேட்டான். கண்டக்டர் அவனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

டொம், டொம்.

"நம்ம வீட்டை விட்டுட்டா? நெஜமாவாங்க?"

டொம், டொம். கொஞ்சம் மெல்ல.

அவள் மிஷின் மேல் கை ஊன்றிக்கொண்டாள். அப்படியானால் இத்தனை நாள் அவர் வாயில் தன் வார்த்தையையா வைத்துக்கொண்டிருந்தாள்? கோபம்தான் முதலில் வந்தது. கட்டிலருகே போய், நாற்காலிக்கு மாற்றுகிற நேரமாகிவிட்டது என்பதுபோல, வழக்கமாகத் தூக்குவதற்குக் குனிந்தாள். குனியும்போதே இடுப்பில் பல நாளாக அடக்கி வைத்திருந்த வலி சுரீர் என்றது. பல்லைக் கடித்தாள்.

"ரை...ட்," என்றார் கண்டக்டர். நீட்டி, தேய்த்து. இடது கை உயர்ந்து அவள் இடுப்பைத் தேடிப் பிடித்தது. அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து அவள் தைலம் தேய்த்துக்கொள்கிற இடம் அதுதான்.

வேண்டாம்தான். போன் வந்த அன்றும் அந்த மட்டுக்கு அவள் சரியாகத்தான் கேட்டிருந்தாள். தூக்காதே என்கிற வேண்டாம்.

"பாத்துக்கிட்டேதான் படுத்திருந்தீங்களா?" என்றாள் அவள். "அதுக்கு வீட்ட விட்டுட்டுக் கெளம்பிடறதா? என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

கண்டக்டர் கட்டிலைத் தட்டவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரைட்?" என்றார், மெல்ல ஏற்றி. கேட்கிறார்.

"மிஷினும் வரட்டும்மா," என்றான் மகன் பின்னாலிருந்து. "அங்கயும் துணி உடுத்துற மனுஷங்கதான் இருக்காங்க."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல," என்றாள் அவள். மூக்கை உறிஞ்சினாள். "வாயப் பாத்துக்கிட்டு நிக்காம அந்தப் பக்கம் பிடி."

மகன் வலது தோளுக்கடியில் கை கொடுத்தான். இதற்குமுன் அவரைத் தூக்க அவள் யாரையும் விட்டதில்லை. இருவருமாக எழுப்பியதும் கண்டக்டர் சிரமமில்லாமல் நின்றார். இத்தனை மாதமாக முழுப் பாரமும் சுமந்த அவள் கைக்கு இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. அது அவர் சட்டைக் காலரைத் தடவி, மடங்கியிருந்த ஓரத்தை நீவிவிட்டு, பிறகும் எடுக்க மனமில்லாமல் அங்கேயே இருந்தது.