வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம்

ராயப்பன்பட்டி டாக்டர் சாலமனுக்கு ஒரு கேள்வியைச் சுருக்கமாகக் கேட்கத் தெரியாது. கம்பம் பள்ளத்தாக்கில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய எல்லோருக்கும் இது தெரியும். கொரோனாவுக்கு முன்பெல்லாம் அவ்வப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பத்தில் ஏதாவது ஓட்டல் மாடியில் குடும்ப மருத்துவர்களுக்கு சி.எம்.இ. நடக்கும். பேனரில் 'தொடர் மருத்துவக் கல்விக் கருத்தரங்கு' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பாதிப் பேர் வருவது மட்டன் பிரியாணிக்கும் மருந்துக் கம்பெனிக்காரர் தருகிற பைக்கும்தான். மதுரையிலிருந்து வந்த நிபுணர் பேசி முடித்து, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டதும் டாக்டர் சாலமன் எழுந்து நிற்பார். பின்வரிசையில் பெருமூச்சுகள் கேட்கும். தலைவருக்கு நன்றி, செயலாளருக்கு நன்றி, பேச்சாளரின் ஆசிரியரைத் தாம் மதுரையில் படிக்கும்போது பார்த்த கதை, அந்தக் காலத்துக் காலரா என்று சுற்றி வளைத்து அவர் கேள்விக்கு வந்து சேர்வதற்குள் பிரியாணி ஆறிவிடும்.

தம்முடைய கிளினிக்கில் அவர் அப்படி இல்லை, அதுதான் வேடிக்கை. நெஞ்சில் குழலை வைத்துக் கேட்பார், நாக்கை நீட்டச் சொல்வார், நிலைமை மோசம் என்றால் "தேனிக்குக் கூட்டிட்டுப் போயிரு, இப்பவே" என்பார். மறுபேச்சுக்கு இடமே கிடையாது. அந்த ஒரு வார்த்தையால் பிழைத்தவர்கள் ராயப்பன்பட்டியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். படித்தவர்கள் கூடிய சபை என்றால்தான் மனிதருக்கு நாக்கு நீண்டுவிடும்.

கொரோனா வந்தபோது ஓட்டல் போனது, பிரியாணி போனது, கேள்வி நேரம் மட்டும் போகவில்லை. சி.எம்.இ. செல்போனுக்குள் வந்துவிட்டது. சங்கத்தின் செயலாளர் சுருளிராஜன் கம்பத்தில் கிளினிக் வைத்திருக்கிற இளம் டாக்டர், கம்ப்யூட்டர் விவரம் தெரிந்தவர். கூட்டத்துக்குள் ஆட்களை விடுவதும் அவசியப்பட்டால் அவர்கள் மைக்கை அடைப்பதும் அவர் பொறுப்பு. "இனிமே சாலமன் சாரை அமுக்க ஒரு பட்டன் போதும்ப்பா" என்று நண்பர்கள் அவரிடம் கேலி பேசினார்கள். அவரும் சிரித்தார். நாமாக இருந்தாலும் சிரித்திருப்போம்.

இரண்டாவது அலையில் டாக்டர் சாலமனின் மனைவி வியாகுலமேரிக்குக் காய்ச்சல் வந்தது. சர்க்கரை உள்ள உடம்பு. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஒரு வாரம் அவரே வைத்துப் பார்த்தார். காய்ச்சல் விட்டது, மூச்சு வாங்கத் தொடங்கியது. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் படுத்திருக்கும்போது தொண்ணூறு காட்டியது. பாத்ரூம் வரை போய்வந்தால் எண்பத்தாறு. வேறு யாராவது இந்த எண்ணோடு கிளினிக் வாசலில் நின்றிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தேனியிலிருந்து டாக்டர் உமாதேவி போன் செய்தாள். சின்ன வயதில் இவரிடம் ஊசி போட்டுக்கொண்டு அழுத பெண், இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டு பார்க்கிறாள். "சார், ஆக்சிஜனோட ஒரு பெட் காலியாயிருக்கு. இருட்டுறதுக்குள்ள அம்மாவைக் கூட்டிட்டு வந்துருங்க. அதுக்கு மேல என்னால புடிச்சு வைக்க முடியாது."

ஊரே படுக்கைக்கு அலைந்துகொண்டிருந்த நேரம் அது. வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே காரை எடுத்திருப்பார்கள். வியாகுலமேரி கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைய அங்கன அனுப்பாதீக. எந் தம்பி ஆரோக்கியசெல்வம் நடந்துதான போனான்? பையில கட்டிக் கொண்டாந்தாக. முகத்தைக்கூடக் காட்டல. எதுன்னாலும் இங்கனயே ஆகட்டும், உங்க கண்ணு முன்னாடி."

"போன எல்லாருக்குமா அப்படி ஆகுது? எத்தனை பேரு நல்லாகி வந்திருக்காக!"

"நீங்க டாக்டரா பேசுறீகளா, எம் புருசனா பேசுறீகளா?"

அனுப்பி, அவள் அங்கே தனியாகச் செத்துப்போனால் தாம் என்ன ஆவோம் என்று நினைத்தார். அனுப்பாமல் இருந்து ஏதாவது ஆனால் என்றும் நினைத்தார். இரண்டு நினைப்பும் ஒரே கனம் கனத்தன. சொந்த வீட்டு நோய்க்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது சும்மா இல்லை. கை நடுங்கும், கணக்குத் தப்பும். யாராவது ஒரு பெரிய ஆள் சொல்லிவிட்டால் போதும், போ என்றால் போகலாம், இரு என்றால் இருக்கலாம் என்று அவர் மனம் தவித்தது.

அன்று சாயங்காலம் சி.எம்.இ. இருந்தது. பேசப்போகிறவர் மதுரையின் பெரிய நுரையீரல் நிபுணர். இரண்டு நாளாக அவர் போன் அணைந்தே கிடந்தது. கேட்க வழி இது ஒன்றுதான்.

மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்து, இரண்டு மாஸ்க்கை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு டாக்டர் சாலமன் உட்கார்ந்தார். மூச்சுக் காற்று மேலேறிக் கண்ணாடி புகைந்தது. நிபுணர் நிறையப் பேசினார். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கேள்வி நேரம் வந்ததும் அவர் முதல் ஆளாகக் கையை உயர்த்தினார்.

"சுருக்கமாக் கேளுங்க" என்றாள் வியாகுலமேரி. அவளுக்கு மூச்சு இரைத்தது.

அப்படித்தான் கேட்க நினைத்தார். ஆனால் அத்தனை சின்ன முகங்கள் கட்டம் கட்டமாகத் தம்மைப் பார்ப்பதைக் கண்டதும் பழக்கம் முந்திக்கொண்டது. தலைவருக்கு நன்றி சொன்னார். செயலாளருக்கு நன்றி சொன்னார். அந்த நன்றிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் அவருக்குத் தேவை இருந்தது, ஏனென்றால் அடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயமாக இருந்தது. "நான் மதுரையில படிக்கும்போது உங்க புரொபசரை…" என்று தொடங்கினார்.

போனின் மேல் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வந்து மறைந்தது. புகைந்த கண்ணாடிக்கு அது தெரியவில்லை. சுருளிராஜன் அவருடைய மைக்கை அடைத்துவிட்டார்.

டாக்டர் சாலமன் பேசிக்கொண்டே போனார். காலராவைத் தாண்டினார். சபையில் கேஸ் சொல்லும்போது பெயரோ உறவோ சொல்லக் கூடாது. அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி, சர்க்கரை உண்டு, படுத்தால் தொண்ணூறு, நடந்தால் எண்பத்தாறு என்று முறையாக அடுக்கினார். பிறகு முறை உடைந்தது. "என் வீட்டுக்காரிதான் சார். தேனியில பெட் இருக்கு. இவ வரமாட்டேங்குறா. எனக்கு முடிவெடுக்கத் தெரியல. கூட்டிட்டுப் போகவா, வீட்லயே வச்சுப் பாக்கவா?" என்றார். நடுவில் யாரோ பேசுவது காதில் விழுந்தது. இந்தக் கூட்டங்களில் யாராவது குறுக்கே பேசாமல் என்றைக்கு இருந்தார்கள்?

மதுரை நிபுணர் திரைக்கு நெருங்கி வந்து, உதடசைய எதையோ வாசித்தார். நிமிர்ந்தார்.

"தாராளமா வீட்லயே வச்சுப் பாக்கலாம். பயமே வேண்டாம். தேவையில்லாம எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பித்தான் இந்த நெருக்கடி. தைரியம் சொல்லுங்க, அதுதான் முக்கியம்."

வியாகுலமேரியின் முகம் மலர்ந்தது. "பாத்தீகளா? பெரிய டாக்டரே சொல்லிட்டாக."

டாக்டர் சாலமனின் கண்ணில் நீர் வந்தது. நெஞ்சில் இருந்த பாறை இறங்கியது. படித்த மூளை, இந்த எண்ணுக்கு வீடா என்று ஒரு முறை மெல்லக் கேட்டது. அதை அவர் காதில் வாங்கவில்லை. அவர் மனம் கேட்க ஆசைப்பட்ட பதில் அல்லவா கிடைத்திருந்தது!

உமாதேவிக்குப் போன் செய்து படுக்கை வேண்டாம் என்றார்.

"தொண்ணூறுக்கு வீட்லயா? யாரு சார் சொன்னாக?"

அவர் மதுரை நிபுணரின் பெயரைச் சொன்னார். "அவகளே சொல்லிட்டாகன்னா… சரி சார்" என்று உமாதேவி போனை வைத்தாள். அந்தப் பெயருக்கு எதிராகப் பேச அவளுக்கு வயது போதாது.

அவர்கள் இருவரும் அன்று கஞ்சி குடித்தார்கள். ஜெபமாலை சொன்னார்கள். மறுநாள் காலை எண் எழுபதுக்கு இறங்கியது. அவரே காரை ஓட்டினார். பின்சீட்டில் சாய்ந்திருந்தவளிடம் பேசிக்கொண்டே ஓட்டினார். சின்னமனூர் தாண்டும்போது பதில் வருவது நின்றுவிட்டது. வீரபாண்டிக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, பின்கதவைத் திறந்து பார்த்தார். மேற்கொண்டு போக அவசியம் இருக்கவில்லை.

கண் முன்னாடி என்று கேட்டவள். அவள் போன நேரத்தில் இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து, ஊரடங்கு தளர்ந்ததும் சுருளிராஜன் கம்பத்திலிருந்து வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வாசல் கேட்டுக்கு வெளியே மாஸ்க்கோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாள் முழுக்கக் காய்ச்சல் முகாமில் நின்று முகம் கறுத்திருந்தது.

"அம்மா விசயம் கேட்டதிலேருந்து மனசு சரியில்ல சார். இன்னொண்ணும் உறுத்திக்கிட்டே இருக்கு. அன்னைக்கு சி.எம்.இ.ல நீங்க பேசும்போது நாந்தான் உங்க மைக்கை மியூட் பண்ணேன். அம்மாவுக்கு முடியலைன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த மரியாதைக் குறைவு பண்ணியிருக்கமாட்டேன். மன்னிச்சிருங்க."

டாக்டர் சாலமன் கேட்டின் கம்பியைப் பிடித்தார். "எப்ப மியூட் பண்ணீக?"

"மதுரையில படிக்கும்போதுன்னு ஆரம்பிச்சீகள்ல, அப்பவே."

"பெறகு நான் பேசுனது?"

"ஒருத்தருக்கும் கேக்கல சார்."

"வீட்லயே வச்சுப் பாக்கலாம்னு சொன்னாரே?"

"அது சாட்ல நான் எழுதிப் போட்ட கேள்வி. எங்கிட்ட ஒரு பையன் வந்திருந்தான், குமுளிக்கு ஜீப் ஓட்டுறவன். லேசான காய்ச்சல், ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு. வீட்ல பயந்து பெட் கேட்டு அழுதாக. அதைத்தான் கேட்டேன்."

"பையன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான் சார். திரும்ப வண்டி ஓட்டுறான்."

முதலில் ஆத்திரம்தான் வந்தது. கம்பி இடுக்கில் கையை விட்டு அந்தச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பட்டனை அழுத்தியவன் இவன். ஆனால் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் பதிலைச் சொன்ன பிறகும் கேள்வியைத் தூக்கிக்கொண்டு சபைக்கு ஓடியது யார்? தேனிக்குக் கூட்டிட்டுப் போயிரு, இப்பவே. முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குச் சொன்னதைக் கட்டிய மனைவிக்குச் சொல்ல வாய் வராமல், இன்னொருவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்துக் கிடந்த மடையன் யார்? இனி எத்தனை வருடம் உயிரோடு இருந்தாலும் இதற்கு மாற்றுக் கிடையாது என்று அவருக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு என்ன சார் கேக்க வந்தீக?" என்றார் சுருளிராஜன்.

டாக்டர் சாலமன் அவரைப் பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்குமா? இன்னும் எத்தனையோ ஜனங்களுக்கு இவன் கை தேவைப்படும். சொன்னால் அந்தக் கை இன்றோடு நடுங்கத் தொடங்கும்.

"ஒண்ணும் கேக்க வரல தம்பி. எல்லாருக்கும் நன்றி சொல்லலாம்னுதான் வந்தேன்."

சுருளிராஜன் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்" என்றார்.