நாலு சாக்கு மணல்

அக்டோபரில் ஒரு தடவை ஏமாற்றியாகிவிட்டது. இந்தத் தடவையும் ஏமாற்றினால் மகள் இனிமேல் காத்திருக்க மாட்டாள் என்பது தோர்கிரிமுக்கு நன்றாகவே தெரியும்.

மகள் சுன்னிவாவுக்குப் பத்து வயது. அம்மா குன்வோருடன் மலைக்கு மேற்கே எய்ட்ஃபியோர்டில் இருக்கிறாள். தோர்கிரிம் இருப்பது மலைக்குக் கிழக்கே. நடுவில் ஹார்டங்கர் மேட்டுவெளி. மரம் கிடையாது, வீடு கிடையாது, காற்றைத் தடுக்க எதுவும் கிடையாது. பிப்ரவரியில் பள்ளிக்கு ஒரு வாரம் குளிர்கால விடுமுறை. அந்த வாரம் அப்பாவுக்கு என்று விவாகரத்தின்போதே பேசி வைத்தது.

இந்த வருஷம் குன்வோரும் அவளுடைய புதுத் துணைவன் யோஸ்தைனும் கனேரித் தீவுக்கு வெயில் காயப் போகிறார்கள். சுன்னிவாவுக்கும் சேர்த்தே டிக்கெட் போட்டிருந்தார்கள். "நான் வரல. அப்பா வருவாரு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள் அவள்.

காலையில் குன்வோர் போன் செய்தாள்.

"அஞ்சு மணிக்கு நாங்க ஏர்போர்ட்டுக்குக் கிளம்பணும். அதுக்குள்ள நீ வந்து வாசல்ல நிக்கணும். இல்லேன்னா அவளும் எங்ககூட வருவா. உன் காரை நம்பிப் பிள்ளையத் தனியா விட்டுட்டுப் போக முடியாது."

"கார் வந்துரும்."

"அக்டோபர்லயும் இதையேதான் சொன்ன. அப்புறம் பள்ளத்துலேர்ந்து போன் பண்ண."



கார் சிவப்பு நிறம். இரண்டு கதவு, ஜெர்மன் தயாரிப்பு, ஏற்கெனவே இரண்டு கை மாறியது. விவாகரத்து ஆன கையோடு வாங்கியது. எஞ்சின் முன்னால், உந்துவது பின்சக்கரங்கள். கோடையில் அந்த வண்டி ஓடும் அழகே தனி. கொஞ்சம் பனி விழுந்தால் போதும், தலை ஒரு பக்கம் போகும், வால் வேறு பக்கம் போகும். வித்துவிட்டு நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று வாங்கு என்று சொல்லாத ஆள் பாக்கியில்லை. தோர்கிரிம் கேட்கவில்லை. ஆணி வைத்த டயர் போட்டான். டிக்கியில் நாலு சாக்கு மணல் ஏற்றினான். பின்பாரம் இருந்தால் சக்கரம் தரையைப் பிடிக்கும். அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் ஓட்டியது.

மணல் இருந்தவரை கார் ஒழுங்காகத்தான் வந்தது. மலையடிவாரத்து பெட்ரோல் பங்க்கில் நின்றதுதான் வினை. அங்கிருந்து சாலைக்கு ஏறும் சின்ன மேட்டில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. கத்தியை எடுத்து ஒரு சாக்கைக் கிழித்துச் சக்கரத்தின் அடியில் கொட்டினான். ஒரு முழம் ஏறியது. இரண்டாவது சாக்கு, இன்னும் ஒரு முழம். நாலாவது சாக்கில்தான் கார் சாலையைத் தொட்டது. டிக்கியில் மிச்சம் இருந்தது நாலு வெறும் சாக்கும், சுன்னிவாவுக்கு வாங்கிய நீலநிறப் பனிச்சறுக்குப் பலகையும்தான்.

மேட்டுவெளியின் வாசலில் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. காற்று அதிகமானால் யாரையும் தனியாக விடமாட்டார்கள். பனி தள்ளும் லாரி முன்னால் போகும், வண்டிகள் கான்வாயாகப் பின்னால் போகும். பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. தோர்கிரிம் வாலில் போய்ச் சேர்ந்துகொண்டான். மணி இரண்டு. நேரம் இருக்கிறது.

அவன் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு தள்ளி மஞ்சள் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே சாலையில் தூவும் மணல். யாரும் எடுத்துக்கொள்ளலாம். மண்வாரிகூடப் பக்கத்திலேயே சாத்தியிருந்தது.

கதவைத் திறந்து ஒரு கால் வெளியே வைத்தான். அதற்குள் பனி லாரியை ஓட்டிக் கான்வாயை நடத்தும் பெர்க்லியோத் வந்துவிட்டாள். ஆஜானுபாகுவான பெண், அறுபதை நெருங்கும் வயது. வண்டி வண்டியாகக் குனிந்து டயர் பார்த்து, துணிமணி பார்த்து, தகுதியில்லாதவர்களைத் திருப்பி அனுப்புவது அவள் வேலை.

சிவப்புக் காரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னப்பா, கல்யாணத்துக்குப் போற செருப்பைப் போட்டுக்கிட்டு மாட்டுக்கொட்டகைக்கு வந்திருக்க?"

"ஆணி டயர்தான் போட்டிருக்கேன்."

"அது தெரியுது. கம்பளி உடுப்பு?"

"பின் சீட்ல இருக்கு."

"இழுக்கக் கயிறு?"

"இருக்கு."

"பின்சக்கர வண்டிதானே இது? டிக்கில என்ன பாரம் வெச்சிருக்க?"

தோர்கிரிம் மஞ்சள் பெட்டியைப் பார்த்தான். சாக்கு காலி என்று சொன்னால் நிரப்பிக்கொண்டு அடுத்த கான்வாயில் வா என்பாள். அடுத்தது சாயங்காலம் போகலாம், நாளைக்கும் போகலாம்.

"நாலு சாக்கு மணல்" என்றான்.

காலையில் கேட்டிருந்தால் அது உண்மை.

கான்வாய் நடத்துகிறவளிடம் பொய் சொல்கிற வழக்கம் அந்த மலையில் இல்லை. ஒருவன் பொய் சொன்னால் பின்னால் வருகிற அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். அதனால் அவள் டிக்கியைத் திறக்கச் சொல்லவில்லை.

"சரி. நீ நேரா எனக்குப் பின்னாடி வா. என் சிவப்பு விளக்கை விட்டுறாத. நின்னா வண்டியை விட்டு இறங்காத."

வாலில் நின்றவன் தலைக்கு வந்தான். கட்டை மேலே போனது.

முதல் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு வானமும் தரையும் ஒன்றாகிவிட்டன. முன்னால் இரண்டு சிவப்பு விளக்கு, மற்றதெல்லாம் வெள்ளை. தோர்கிரிம் ஸ்டீயரிங்கை முட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தான். பின்பக்கம் லேசாக ஆடும்போதெல்லாம் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான். காலியான டிக்கி, காற்றில் படகுப் பாய் மாதிரி அலைந்தது.

உச்சிக்குப் போகும் கடைசி ஏற்றம். குறுக்கே படிந்த பனியை ஒதுக்க லாரி வேகத்தைக் குறைத்தது. தோர்கிரிமும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். மறுபடி மிதித்தபோது சக்கரம் சும்மா சுற்றியது. வால் மெதுவாக, அவசரமே இல்லாமல், இடது பக்கம் நகர்ந்தது. அவன் ஸ்டீயரிங்கைத் திருப்பினான். பிரேக்கைத் தொட்டான். எதைச் செய்தாலும் கார் தன் இஷ்டத்துக்கே போய், சாலைக்குக் குறுக்கே கட்டை போட்டதுபோல் நின்றது.

சிவப்பு விளக்குகள் வெள்ளைக்குள் கரைந்தன.

ஹாரன் அடித்தான். காற்று தின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைத் தட்டினார்கள். பின்னால் வந்த வேன்காரன் ஆஸ்கைர். பெரிய தொப்பை, தாடியெல்லாம் பனி. சோபா ஏற்றிக்கொண்டு போகிறவன்.

"இறங்கக் கூடாதுன்னு சொன்னாங்களே" என்றான் தோர்கிரிம்.

"நீ குறுக்க நின்னுட்டு எனக்குச் சட்டம் சொல்றியா? தள்ளு சீட்டை."

காரே ஒரு பக்கம் சாய, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"இந்த உடம்பைக் குறைன்னு என் பொண்டாட்டி சொல்லாத நாள் இல்ல. இன்னைக்காவது இது ஒரு வேலைக்கு ஆகட்டும். மெதுவா மிதி."

கார் முனகியது. ஒரு வண்டி நீளத்துக்கு நகர்ந்தது. தோர்கிரிமுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடி மறுபடி வழுக்கி, பழைய இடத்துக்கும் கீழே போய் நின்றது.

"அந்தம்மாகிட்ட நாலு சாக்கு மணல்னு நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு. அதோட நான் ஒரு ஆளு. இவ்வளவு பாரத்துக்கும் பிடிக்கலேன்னா என்ன வண்டிய்யா இது?"

தோர்கிரிம் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

லாரி திரும்பி வந்தபோது காரின் ஒரு பக்கம் கதவுப் பிடி வரை பனி ஏறியிருந்தது. பெர்க்லியோத் இறங்கி வந்தாள். நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள். நீலப் பலகை இருந்தது. பக்கத்தில் நாலு வெறும் சாக்கு.

"மணல் எங்க?"

"கீழே. பெட்ரோல் பங்க் மேட்டுல."

"மஞ்சள் பெட்டி உன் கண்ணு முன்னாடிதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

ஆஸ்கைர் பின் சீட்டிலிருந்து மெதுவாக இறங்கி, ஒன்றும் சொல்லாமல் தன் வேனுக்கு நடந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவள் ரேடியோவில் பேசினாள். முன்னால் ஒதுக்கிய பாதை இதற்குள் மூடிக்கொண்டுவிட்டது. காற்றும் ஏறிவிட்டது. எல்லோரையும் திருப்பிக் கொண்டு வா, மலையை மூடுகிறோம் என்று பதில் வந்தது.

"கொஞ்சம் கேளுங்க. என் பொண்ணு அந்தப் பக்கம் காத்துக்கிட்டிருக்கா" என்றான் தோர்கிரிம்.

"இங்க நிக்கிற எல்லாருக்கும் அந்தப் பக்கம் யாராவது காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றாள் பெர்க்லியோத். குரலில் கோபம்கூட இல்லை. "கயிறை எடு."

லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர அவனுக்கு வேலை இல்லை. திரும்பி நிற்கும் வண்டிகளைக் கடந்து போனபோது ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம் தெரிந்தது.

வாசலுக்கு வந்து கயிற்றை அவிழ்த்ததும் கட்டை விழுந்தது. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. போனைக் கையில் எடுத்தான். அது தானே அடித்தது.

"அப்பா? மலையை மூடிட்டாங்களாமே. யோஸ்தைன் போன்ல பாத்தாரு."

மூடிவிட்டார்கள் என்று சொன்னால் போதும். மலை மூடியதற்கு அந்த நாட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. குன்வோர்கூடச் சொல்ல மாட்டாள்.

"மூடிட்டாங்கம்மா. ஆனா கான்வாய் கிளம்புச்சு. நானும் அதுல இருந்தேன். என் கார் குறுக்க நின்னதாலதான் திரும்பிட்டோம்."

அந்தப் பக்கம் பெட்டியை உருட்டும் சத்தம் கேட்டது.

"மணல் வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே."

"வெச்சிருந்தேன்."

"நான் என்ன பண்ணட்டும்? அம்மா ஷூ போடச் சொல்றாங்க. நான் பக்கத்து வீட்ல இருக்கேன்னு சொல்லவா? நாளைக்குத் திறப்பாங்களா?"

தோர்கிரிம் மலையைப் பார்த்தான். அது இருந்த இடத்தில் வெள்ளை மட்டும் இருந்தது.

"போ, சுன்னிவா. போய் நல்லா நீந்திட்டு வா."

"சரி. ஈஸ்டருக்கு வருவீங்களா?"

"வருவேன்."

"எந்த கார்ல?"

வாயைத் திறந்தான். பதில் வருவதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். லைன் போய்விட்டது.

வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. பிறகு இறங்கினான். சாக்குகளை எடுத்துக்கொண்டு மஞ்சள் பெட்டிக்குப் போனான். வீட்டுக்குப் போவதற்கும் பின்பாரம் வேண்டுமே.

ஒரு கையால் சாக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மணலை வாரிப் போட்டான். இரண்டாவது தடவை வாரிப் போட்டபோதே காலடியில் ஏதோ சரசரத்தது. குனிந்து பார்த்தான். பெட்ரோல் பங்க்கில் கத்தியால் நீளமாகக் கிழித்த வாய் வழியாக, போட்ட மணலெல்லாம் பூட்ஸ் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த சாக்கை எடுத்தான். அதுவும் கிழிந்திருந்தது.