சம்பந்தி போட்ட துளை

ஹார்லன் எங்டால் தன்னுடைய இரைமீன்களைத் தானே வாளியில் கொண்டுவந்திருந்தார். வெர்னா மஸார்ட்டுக்கு முதலில் சுருக்கென்றது அதுதான்.

"நம்ம கரையில மீனுக்குப் போட மீனே கெடைக்காதுன்னு நெனச்சுட்டாரு போல," என்று மகள் கோலெட்டின் காதில் சொன்னாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கோலெட்டுக்கும் ஹார்லனின் மகன் கர்ட்டுக்கும் ஜூன் மாதம் கல்யாணம். அமெரிக்காவில், விஸ்கான்சினில் ஒரு விரிகுடாவின் கிழக்குக் கரையில் பெண் வீடு, மேற்குக் கரையில் மாப்பிள்ளை வீடு. இதில் எந்தக் கரையில் கல்யாணம் என்பதுதான் தீராத வழக்கு. பெல்ஜியத்திலிருந்து கப்பலேறி வந்த முன்னோர்கள் கட்டிய செங்கல் சர்ச்சில் தொட்டில் கட்டாத குறையாக வளர்ந்தவள் கோலெட். அங்கேதான் கல்யாணம், வெளியே விறகடுப்பில் அண்டா அண்டாவாகக் கோழியும் மாட்டெலும்பும் காய்கறியும் கொதிக்கும் பூயாதான் சாப்பாடு என்பது வெர்னாவின் கட்சி. ஹார்லனோ ஸ்வீடன் வம்சம். அவர் ஊர் மண்டபம், அவர் அக்கா கையால் செய்யும் இறைச்சி உருண்டை, அதற்கு மேல் பேச்சே கிடையாது. கடைசியாகப் போனில் பேசியபோது, "அந்த உருண்டையை வச்சு கோலி ஆடலாம், கல்யாணப் பந்தியில எப்படிப் போடறது?" என்று வெர்னா கேட்டுவிட்டாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்ட சத்தம் எமிலுக்கே கேட்டது. எமில் அவள் கணவர், தூங்கிக்கொண்டிருந்தார்.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பிடித்தது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று கோலெட்டுக்குத் தெரியும்: உறைந்த தண்ணீரில் துளை போட்டுக் கொடித்தூண்டில் வைப்பது. அதனால்தான் கர்ட் ஆஸ்பத்திரியில் வேலையாயிருந்த ஒரு சனிக்கிழமை, வருங்கால மாமனாரைத் தங்கள் பக்கத்து ஐஸுக்கு வரச் சொல்லியிருந்தாள்.

அவர் கிரீன் பே நகரைச் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டி வந்தார். கூடவே, தோள்வரை உயரமுள்ள, மோட்டார் வைத்த துளைப்பான். வெர்னா கையால் சுற்றுகிற பழைய துளைப்பானால் தன் துளைகளைப் போட்டு முடித்திருந்தாள். ஹார்லன் மோட்டாரை உறுமவிட்டு, அவளுடைய கடைசித் துளைக்குப் பதினைந்து தப்படி தள்ளி, ஒரு பெரிய வாளியே உள்ளே இறங்குகிற மாதிரி ஒன்று போட்டார்.

கண்ணுக்கெட்டிய தூரம் ஐஸ் கிடக்கிறது. இந்த மனிதருக்கு அவள் பக்கத்தில்தான் இடம் கிடைத்ததா!

"ஏன் ஹார்லன், மீன் பிடிக்கவா, மாட்டைக் குளிப்பாட்டவா?"

"பெரிய மீனுக்குப் பெரிய வாசல் வேணும் சம்பந்தியம்மா. உங்க துளையில சுண்டெலிதான் ஏறி வரும்."

கோலெட் ஐஸ் மேல் நிறுத்தியிருந்த மரக் கொட்டகைக்குள் போய்க் காபி போட ஆரம்பித்தாள்.

காலையில் முதல் கொடி ஹார்லனுக்கு. துளையின் மேல் குறுக்கே கிடக்கும் மரச் சட்டத்திலிருந்து ஆரஞ்சு நிறத் துணி விருட்டென்று நிமிர்ந்து நின்று படபடத்தது. கீழே ஏதோ ஒன்று இரையைக் கவ்விக்கொண்டு நூலை இழுக்கிறது என்று அர்த்தம். அறுபத்தைந்து வயது மனிதர் கன்றுக்குட்டி மாதிரி ஓடினார். ஐஸ் முழுக்கத் திம் திம்மென்று சத்தம். போன வேகத்தில் சட்டத்தைத் தூக்கி எறிந்து, நூலைப் பிடித்து ஒரே வெட்டாக மேலே வெட்டி இழுத்தார். மேலே வந்தது வெறும் கொக்கி.

"கொஞ்சம் மெல்ல விட்டிருக்கலாம்," என்றாள் வெர்னா, வானத்தைப் பார்த்தபடி. "கடிச்சதும் அதுக்கு வாயைத் திருப்பி முழுங்க நேரம் வேணும்ல. நாமளே தட்டுல சோறு போட்டுட்டு நாமளே புடுங்கிக்கிட்டா எப்படி?"

அடுத்த கொடி அவளுக்கு. பூனை மாதிரி நடந்துபோய் முட்டிபோட்டாள். தண்ணீருக்குள் நூல் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. நின்றது. காத்திருந்தாள். மறுபடி சுற்ற ஆரம்பித்தால் தூக்கலாம் என்பது அவள் கணக்கு. அது சுற்றவேயில்லை. வெகுநேரம் கழித்து இழுத்துப் பார்த்தால், பல் பதிந்த இரைமீன் மட்டும் திரும்பி வந்தது. துப்பிவிட்டுப் போயிருக்கிறது.

"அது ரிட்டயர் ஆகி, பென்ஷன் வாங்கிட்டுப் போயிருக்கும்," என்றார் ஹார்லன். அவரும் வானத்தைத்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காற்று ஐஸ் மேல் பொடிப்பனியைப் பாம்பு பாம்பாக ஓட்டிக்கொண்டிருந்தது. எமில் கொட்டகைக்குள் கணப்புப் பக்கத்தில் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு உறங்கினார். இந்தச் சம்பந்தம் வெறும் காபியோடு முடிந்துவிடுமோ என்று கோலெட் மூன்றாவது முறையாகக் கெட்டிலை வைத்தாள்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் வெர்னாவின் கடைசித் துளையில் கொடி எழுந்தது.

அவள் போய்க் குனிந்து பார்த்தாள். உருளை சுற்றுகிற வேகத்தில் அதன் பிடியே கண்ணுக்குத் தெரியவில்லை. பெரிசு. கையுறைகளைப் பல்லால் கடித்து உருவிப் போட்டாள். 'பொறு வெர்னா, பொறு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உருளை நின்றது. பிறகு மெதுவாக, தீர்மானமாக, மறுபடி நகர ஆரம்பித்தது. சட்டத்தைத் தண்ணீர் கலங்காமல் தூக்கிப் பக்கத்தில் சாய்த்தாள். நூலை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெல்ல மெல்ல இறுக்கினாள். மறுமுனையில் உயிருள்ள ஒரு கனம் தட்டுப்பட்டது. சடாரென்று கையை மேலே வெட்டினாள்.

கொக்கி மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் சுவரில் மோதிய மாதிரி இருந்தது.

சரியாக அந்த நொடியில்தான் முதுகுக்குப் பின்னால் திம் திம்மென்று ஓடும் சத்தம். ஹார்லனுக்கும் கொடி! திரும்பிப் பார்க்க அவளுக்கு எங்கே நேரம்? கோட்டு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நூலைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள். ஒரு முழம் வந்தது. இரண்டு முழம் வந்தது. திடீரென்று மறுபக்கம் ஒரு மூர்க்கமான இழுப்பு. நூல் விரலைச் சுட்டுக்கொண்டு உள்ளே ஓடியது.

"ஐயோ! ஐயோ, என்ன பலம்!" என்று கத்தினாள்.

"எனக்கும்தான்!" என்று பின்னாலிருந்து ஹார்லனின் குரல் வந்தது. "பிறந்ததுலேர்ந்து இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்ல!"

"ஓடுது! விடறேன்... விடறேன்... இந்தா, இப்ப வருது!"

"எனக்கு இப்ப ஓடுது! வாடி என் ராசாத்தி! ஐயையோ, இழுக்குதே!"

அவள் இழுக்க, அவர் கத்தினார். அவர் இழுக்க, அவள் அலறினாள். இப்படியே போராட்டம் நடந்தது. வெர்னாவின் தோள்பட்டை கழன்றுவிடும்போலிருந்தது. குளிரில் விரல்கள் சிவந்து மரத்துப்போயின. இருந்தும் அவள் வாயெல்லாம் பல். வாழ்நாளில் ஒரு தரம் வரும் மீன் இது. சாயங்காலம் சாராயக் கடையில் இதைச் சொல்லும்போது ஒருத்தனும் நம்பப் போவதில்லை.

காபிக் கோப்பைகளோடு கோலெட் வெளியே வந்தாள். அம்மா ஒரு துளையில் முட்டிபோட்டு இழுக்கிறாள். வருங்கால மாமனார் இன்னொரு துளையில் முட்டிபோட்டு இழுக்கிறார். அம்மாவின் கையில் இரண்டு முழம் ஏறினால் அவர் கையிலிருந்து இரண்டு முழம் இறங்குகிறது. கோலெட் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோப்பைகளைக் கீழே வைத்தாள். அப்புறம் அவளும் கீழே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்தாள்.

"என்னடி பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்கே! கொக்கிக் கம்பை எடுத்துட்டு வா!"

"அம்மா..." அவளால் பேச முடியவில்லை. "அம்மா, நூலை விடு. கொஞ்சம் விட்டுப் பாரேன்."

"பைத்தியமா உனக்கு?"

"ஒரே ஒரு தடவை. எனக்காக."

வெர்னா விரலைத் தளர்த்தினாள். ஹார்லன் தன் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. கால் இரண்டும் ஆகாயத்தைப் பார்க்க மல்லாந்து விழுந்தார். தொப்பி ஒரு பக்கம் உருண்டது.

வெர்னா தன் நூலைப் பார்த்தாள். அவருடைய நூலைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறியது. ஐஸுக்கடியில் இரண்டும் சிக்கிக்கொண்டு, இவ்வளவு நேரமும் தான் பிடித்தது சம்பந்தியையா?

ஹார்லன் எழுந்து உட்கார்ந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. சண்டைக்குத் தயாராக வெர்னாவும் இடுப்பில் கையை வைத்தாள்.

"சம்பந்தியம்மா," என்றார் அவர். "நான் எத்தனை கிலோ இருப்பேன்?"

அவ்வளவுதான். வெர்னாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அவள் சிரிக்க, அவர் சிரிக்க, கண்ணில் வழிந்த தண்ணீர் கன்னத்திலேயே உறையப் பார்த்தது.

"உங்க வாசல் பெருசுன்னு சொன்னீங்களே, அதுல நானே வந்திருப்பேன்!"

"இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்திருந்தா வந்திருப்பீங்க!"

அப்போது வெர்னாவின் விரலில் சும்மா சுற்றிக்கிடந்த நூல் வெடுக்கென்று இழுபட்டது.

"இன்னும் விளையாட்டா? போதும் ஹார்லன்."

"நான் எங்கே இழுத்தேன்?" என்று ஹார்லன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நூல் மறுபடி வெடுக்கென்றது. ஹார்லன் தன் நூலைப் பாய்ந்து பிடித்தார்.

"இருக்கு! உள்ள மீன் இருக்கு! ரெண்டு இரையையும் முழுங்கின பேராசைக்காரி!"

"இழுக்காதீங்க! ரெண்டு பக்கமும் இழுத்தா வாய் கிழிஞ்சு போயிடும்!"

யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். வெர்னா தன் துளையைப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. கையிலிருந்த கனத்தை நினைத்தாள். இதற்குள் அந்தத் தலை நுழையாது. மனசு கேட்கவில்லை, ஆனால் கை, மனசைக் கேட்காமலே நூலைத் தளர்த்த ஆரம்பித்தது.

"உங்க பக்கம் கொண்டு போங்க. நான் விட்டுக்கிட்டே வரேன். அவசரப்பட்டு வெட்டாதீங்க, புண்ணியவானே. ஓடினா ஓட விடுங்க."

"சரி, சரி."

"மெல்ல!"

"மெல்லத்தான் இழுக்கறேன் தாயே!"

நூல் அவள் விரல் வழியே வழுக்கிப் போனது. ஹார்லன் ஒவ்வொரு முழமாக ஏற்றினார். மீன் ஓடியபோது, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட விட்டார். அவர் அப்படிப் பொறுமையாக இருப்பதைக் கோலெட் முதல் முறையாகப் பார்த்தாள். கடைசியில் பச்சையும் பழுப்புமாக ஒரு முதுகு துளைக்கு அடியில் கட்டை மாதிரி கடந்து போனது. ஈட்டிமீன்! வாத்தின் அலகு போல நீண்ட வாய். மறுபடி வந்தது, துளைக்குக் குறுக்கே சிக்கிக்கொண்டது. தலை திரும்பவில்லை.

"என் கை ரெண்டும் நூல்ல இருக்கு!" என்று ஹார்லன் கத்தினார். "வெர்னா!"

வெர்னா குப்புறப் படுத்தாள். கோட்டுக் கையோடு தோள்வரை தண்ணீருக்குள் விட்டாள். மூச்சே நின்றுவிட்டது அந்தக் குளிரில். விரல்கள் தடவித் தடவிச் செவுள் மூடியைக் கண்டுபிடித்தன. உள்ளே நுழைத்து, தலையை மேல்பக்கம் திருப்பி, "இப்ப இழுங்க!" என்று அலறிக்கொண்டே தூக்கினாள்.

தண்ணீரும் மீனும் ஒன்றாகத் துள்ளி அவள் நெஞ்சின் மேல் விழுந்தன. அவள் அதைக் குழந்தையைப்போலக் கட்டிக்கொண்டு துளையை விட்டு உருண்டாள். ஹார்லன் தொப்பியில்லாத தலையோடு அவளைச் சுற்றிச் சுற்றி ஆடினார். கோலெட் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு குதித்தாள். நிறுத்தி வைத்தால் மீன் கோலெட்டின் இடுப்புக்கு மேல் வரும்.

கொட்டகைக் கதவைத் திறந்து எமில் எட்டிப் பார்த்தார். ஈரம் சொட்டும் மனைவி, வழுக்கைத் தலையோடு ஆடும் சம்பந்தி, நடுவில் ராட்சச மீன்.

"என்ன, ஏதாவது கடிச்சுதா?" என்றார்.

வாயைத் திறந்து பார்த்தார்கள். வலது ஓரத்தில் வெர்னாவின் கொக்கி, இடது ஓரத்தில் ஹார்லனின் கொக்கி.

"முதல்ல கடிச்சது என் இரையை."

"கரையேறினது என் துளையில."

"தூக்கினது யாரு?"

"இழுத்தது யாரு?"

ஆனால் இதைக் கேட்டுக்கொண்டே ஹார்லன் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். கணப்புப் பக்கம் அவளை உட்காரவைத்து, நீலம் பாரித்த கையைத் தன் கழுத்துத் துண்டால் தேய்த்துவிட்டார். எமில் முள் எடுத்துத் துண்டு போட்டு, பிஸ்கட் தூளில் புரட்டி, வெண்ணெயில் பொரித்தார். வெளியே பனி வெயிலில் மின்ன, உள்ளே வெண்ணெய் வாசம் கிறங்கடித்தது. நாலு பேரும் விரலைச் சுட்டுக்கொண்டு சட்டியிலிருந்தே எடுத்துத் தின்றார்கள்.

"சர்ச் உங்க பக்கமே இருக்கட்டும்," என்றார் ஹார்லன், வாய் நிறைய மீனோடு. "அந்தச் செங்கல் சர்ச் அழகாத்தான் இருக்கு. வர்ற வழியில பார்த்தேன். சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

வெர்னா மென்றபடி யோசித்தாள். "உங்க அக்காவுக்கு எங்க வீட்டு அடுப்பு போதுமா?"

"எதுக்கு?"

"உருண்டைக்குத்தான். பூயாவுக்குப் பக்கத்துல அதுவும் இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு, சின்ன உருண்டையாப் போடச் சொல்லுங்க. கிழவங்க பல்லு போயிடப் போகுது."

"எங்க அக்கா உருண்டை வெண்ணெய் மாதிரி கரையும்!"

"பார்க்கலாம், பார்க்கலாம்."

ஹார்லன் போனை எடுத்து ஆஸ்பத்திரியிலிருந்த மகனைக் கூப்பிட்டார். "கர்ட், நானும் உன் மாமியாரும் ஒரு மீன் பிடிச்சோம்டா. இல்ல, சேர்ந்துதான். ஆமாடா, சேர்ந்துதான்! என்ன, யாரு விழுந்தா? உனக்கு யாரு சொன்னது?"

கோலெட் தன் போனை அவசரமாகக் கோட்டுப் பைக்குள் தள்ளினாள். வெர்னா அவரிடமிருந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, கேளுங்க," என்று ஆரம்பித்தாள். "முதல்லேர்ந்து, நடந்தது நடந்தபடி நான் சொல்றேன்."