பொன்நிறம் மட்டும்

புனலூர் தியேட்டரில் ராக்கப்பன் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் உட்கார்ந்தார். முப்பது வருடம் வெடி மருந்து கலக்கியவர். மருந்து அறைக்குள் வெறுங்காலோடுதான் போக வேண்டும். பக்கத்தில் இருந்த மகள் முத்துச்செல்வி அதைப் பார்த்தாள். 

காலை ரயிலில் சிவகாசியிலிருந்து வந்திருந்தார்கள். மலையாளப் படம். பாட்டுக் கட்டிய ஒரு மகாராஜாவின் வாழ்க்கைக் கதை. செங்கோட்டைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் ஓடவில்லை. போனில் வரும்வரை பொறுக்கலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"உள்ளங்கை அகலத்துலயா உங்கம்மாவப் பாக்கச் சொல்றே?" என்றார்.

போன வருடம் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனிக்குப் படக்காரர்கள் ஆர்டர் கொண்டுவந்தார்கள். மகாராஜா பட்டமேறும் நாளுக்கான வாணவேடிக்கை. இருநூறு வருடத்துக்கு முந்தைய கதை, அப்போது பச்சை, நீலமெல்லாம் கிடையாது, பொன்நிறம் மட்டும் வேண்டும் என்றார் அவர்களோடு வந்த கண்ணாடிக்காரர். வெடியுப்பு, கந்தகம், கரி, இரும்புத்தூள். ராக்கப்பன் மூன்று முறை கலந்து பார்த்து நான்காவதில் பிடித்தார். அது ஞாயிற்றுக்கிழமை. மருந்து சலிக்க ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டார். அய்யம்மாள் வரமாட்டேன் என்றாள். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவதற்காக மஞ்சள் சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். "அரை நாள் சோலிதான், வா" என்றார். தண்ணீர் குடிக்க அவர் வெளியே வந்த நேரத்தில் அறை எரிந்தது. சேலை மறுநாளும் கொடியில் கிடந்தது.

"ராஜா வேடிக்கை பாக்க எங்கக்காளக் கொளுத்திட்டீகளே மச்சான்" என்று அய்யம்மாளின் தம்பி சின்னச்சாமி பிணத்தின் முன்னால் வைத்துக் கேட்டான்.  பதினாறாம் நாள் கழிந்த பிறகு ராக்கப்பன் அதே கலவையில் ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டு எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "படத்துல வரும். பாருங்க."

படத்தில் மகாராஜா தம்புராவை மடியில் சாய்த்துப் பாடினார். வெள்ளைக்காரன் வந்து சத்தம் போட்டான். அவன் போனதும் மறுபடி பாடினார்.

"இப்பவா?"

"இன்னும் பட்டங் கட்டலப்பா."

"இப்பிடிப் பாடிக்கிட்டே கெடந்தா எப்பக் கட்டுவாக?"

பின்வரிசையில் யாரோ உஸ் என்றார்கள். ராக்கப்பன் கையைக் கட்டிக்கொண்டார்.

யானை வந்தது. செண்டை முழங்கியது. மகாராஜா அரண்மனை மாடத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். ராக்கப்பன் முன்னால் சரிந்து உட்கார்ந்தார். முதலில் பச்சை வெடித்தது. பிறகு நீலம். அப்புறம் சிவப்பும் பச்சையும் சேர்ந்து பூப்பூவாக விரிந்தன. தியேட்டரில் எல்லார் முகத்திலும் பச்சை விழுந்தது. கரி மருந்து ஒன்று வெடித்தாலே பக்கத்து ஆளைத் தெரியாது. இங்கே அரண்மனைச் சுவர் கழுவிவிட்டதுபோல் வெள்ளையாக நின்றது.

"பொகையே இல்ல" என்றார் ராக்கப்பன். 

இடைவேளையில் முத்துச்செல்வி வராந்தாவுக்கு வந்து முதலாளி மகன் ஹரிபிரசாத்தைப் போனில் கூப்பிட்டு வாணவேடிக்கையைப் பற்றிக் கேட்டாள்.

"அதுவா? ஷூட்டிங் அன்னைக்கு மழை. லோடு போகவே இல்ல முத்து. எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுட்டாங்க. ஒங்ககிட்ட யாரும் சொல்லலயா? கடைசில நம்ம கம்பெனி பேரு நன்றின்னு வருது, அப்பாகிட்டக் காட்டு."

"லோடு எங்கன இருக்கு அண்ணாச்சி?"

"குடோன்லதான் கெடக்கு. கலர் இல்லாத வெடிய எவன் வாங்குவான்?"

அந்தக் குடோனில்தான் அவளுக்குப் பெட்டி கட்டும் வேலை. மேற்கு மூலையில் லேபிள் ஒட்டாத பெட்டிகள் அடுக்கியிருந்தன. எட்டு மாதமாக அவற்றைச் சுற்றித்தான் நடக்கிறாள். போன வாரம் பள்ளிக்கூடம் விட்டுவந்த சூப்பர்வைசர் பிள்ளைகளை அதில் சாயாதீர்கள் என்று விரட்டியிருந்தாள்.

மகாராஜா செத்துப்போனார். விளக்கு எரிந்தது. பெயர்கள் மலையாளத்தில் மேலே ஏறின. அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. ராக்கப்பன் கடைசிப் பெயர் போகும்வரை உட்கார்ந்திருந்தார்.

"நடுவுல கண்ணசந்துட்டேன் தாயி" என்றார். "நம்மது வேற எடத்துல வந்திருக்கும்."

அவர் கண் அசரவில்லை. அந்த விழிகளில் பச்சை விரிந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"அடுத்த ஆட்டமும் பாத்துட்டுப் போவோம்."

"ரயிலு போயிரும்ப்பா."

"போனாப் போவுது."

"அப்பா, அந்த லோடு..."

அவர் எழுந்துவிட்டார். முன்னால் போகிறவர்களை விலக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். அவள் குனிந்து இருக்கைக்கு அடியில் கிடந்த செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

வெளியே வெயில் சிமெண்ட் தரையில் கொதித்துக் கிடந்தது. ராக்கப்பன் வெறுங்காலோடு டிக்கெட் கவுண்டருக்கு முன்னால் நின்றார்.

"இப்பக் கண்டதல்லே?" என்றான் உள்ளே இருந்தவன், இப்போதுதானே பார்த்தீர்கள் என்கிற மாதிரி.

அவருக்குப் புரியவில்லை. வலதுகையைத் தூக்கி, கண்ணாடிக்கு நேரே இரண்டு விரலைக் காட்டினார். நகக்கண்ணில் கரி இருந்தது. உள்ளே இருந்தவன் மகளைப் பார்த்தான். அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.