கேப்டனின் ரெயின்கோட்

ஊரில் அவர் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பாய்மரப் படகில் கால் வைத்துவிட்டால் கேப்டன். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவரும் அவரேதான். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாதவர்களோடே வாரம் முழுக்கப் பழகிவிட்ட மனுஷன், படகில் மனைவியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். சுக்கான் அவர் கையில். கயிறு இழுப்பது, கட்டுவது, திட்டு வாங்குவது எல்லாம் அவள் பங்கு.

சுக்கானைப் பிடித்து ஓட்ட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. கேட்டபோதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று மழுப்புவார். போன மாதம் சாப்பாட்டு மேஜையில் அவள் தம்பி சீண்டியதில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அடுத்து வருகிற படகுப் பந்தயத்திலும் மச்சானிடம் தோற்றால் சுக்கான் இனி அவளுக்கே என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போச்சு.

பந்தயத்தில் எஞ்சினைத் தொடக் கூடாது, பாய் மட்டும்தான். அன்று பாய் ஏறியதும் கேப்டன் வழக்கம்போல் எஞ்சினை அணைத்தார். கியர் முன்னால் போகிற நிலையில் அப்படியே கிடந்தது. விட்டால் ஓடுகிற தண்ணீரில் புரொப்பெல்லர் தானாகச் சுற்றி அடியில் கடகடவென்று சத்தம் போடும். அவள்தான் காலால் கியர் கம்பியை ரிவர்ஸில் தள்ளி அதை அடக்குவாள். கரை நெருங்கும்போது பழையபடி மாற்றிவிடுவாள். பல வருஷமாக நடக்கிற வேலை, அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. அன்றும் தள்ளிவிட்டாள்.

பாதி வழியில் தம்பியின் படகு முந்தப் பார்த்தது. கேப்டன் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். கொளுத்துகிற வெயிலில் ரெயின்கோட்டை எடுத்துக் கியர் கம்பியையும் ஸ்டார்ட்டர் பொத்தானையும் போர்த்தினார். பிறகு கையை அதற்கடியில் விட்டார். அவள் காலடியில் பலகை மெல்ல நடுங்கியது. அது பழைய எஞ்சின். எந்தக் கியரில் இருந்தாலும் கேள்வி கேட்காமல் கிளம்பிவிடும். இப்போது ரிவர்ஸில் கிளம்பியிருந்தது.

பாய் முன்னால் இழுத்தது, புரொப்பெல்லர் பின்னால் இழுத்தது. படகு முக்கி முனகியது. அவர் ரகசியமாக வேகத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் மந்தமானது. வியர்த்துக் கொட்டுகிற முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அவர், அவள் கயிற்றைப் பிடிக்கிற லட்சணத்தால்தான் படகு நகரவில்லை என்று பொரிந்து தள்ளினார். வந்த பாவம் வந்த வழியே போய்விட்டது. கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, ரேடியோப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தம்பி கையசைத்துக்கொண்டே கடந்துபோனான். எல்லைக்கோட்டை இவர்கள் கடைசியாகத் தொட்டார்கள். அதற்குச் சற்று முன்னால் கேப்டன் எஞ்சினை நைசாக அணைத்திருந்தார்.

துறைக்கு அருகே தம்பி படகை ஒட்டி நிறுத்தினான். "என்ன அத்தான், உங்க பக்கம் மட்டும் காத்தே இல்லையா?"

நீரோட்டம் சரியில்லை என்று அவர் முணுமுணுத்தார். பந்தயம் முடிந்தாயிற்று, இனி எஞ்சினைப் போடலாம். அவர் கையை நீட்டியபோது அவள் முந்திக்கொண்டு ரெயின்கோட்டை எடுத்து மடித்து மடியில் வைத்தாள். அவர் கண்ணெதிரே கியரை ரிவர்ஸிலிருந்து விடுவித்தாள்.

"பாய் ஏத்தினதும் நான் எப்பவும் ரிவர்ஸ்ல போட்டுடுவேங்க. இன்னிக்குப் பூரா அப்படியேதான் இருந்துச்சு. எஞ்சினைத்தான் யாரும் தொடலையே, அதனால பரவாயில்ல."

கேப்டன் வாயைத் திறந்தார். கையெட்டும் தூரத்தில் மச்சான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"கொஞ்சம் நகருங்க," என்று சொல்லி அவள் சுக்கானைப் பிடித்தாள்.