இடப்பக்கம் சாய்ந்த நாக்கு

1.
பேராசிரியரைப் பார்த்து ஒரு கிழவர் நாக்கை நீட்டினார் என்று கேள்விப்பட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சிரிப்புக் கதை என்று நினைத்தேன்.

2.
தொடக்கம்: "எழுபத்தெட்டு வயது லியூபின்கோவின் இடது காது மெல்ல மெல்ல..." (வேண்டாம், இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது.)

வேறு: எங்கள் செர்பியாவில் யாரும் நோயால் சாவதில்லை. எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்து, குறுக்கே வீசும் காற்றால்தான் சாகிறார்கள். லியூபின்கோவுக்குக் காது மந்தமானது, காற்று. குரல் கம்மியது, காற்று. சூப் குடித்தாலே புரையேறியது, அதுவும் காற்று. அவர் மனைவி வுகோசாவா ஜூலை வெயிலில் அவர் தலையில் கம்பளிக் குல்லாயை மாட்டினாள். உள்ளூர் டாக்டரும் அதைத்தான் ஆமோதித்தார்.

3.
பெரிய ஆஸ்பத்திரிப் பேராசிரியர் ஸ்டோய்கோவ், குறுக்குக் காற்று என்பது மூடநம்பிக்கை என்று கட்டிலருகே பிரசங்கம் செய்தார். முடித்துவிட்டு, "எதுக்கும் அந்த ஜன்னலைச் சாத்துங்க" என்றார்.

அப்போதுதான் லியூபின்கோ நாக்கை நீட்டினார். அது நேராக வரவில்லை, இடப்பக்கம் சாய்ந்தது.

பேராசிரியர் கோபப்படவில்லை. "இன்னொரு தடவை நீட்டுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

[இங்கே அவரைக் கிண்டலடிக்க ஒரு பத்தி வைத்திருந்தேன். அவர் குரல் தணிந்துவிட்டதால் அது எடுபடவில்லை.]

4.
ஸ்கேன் எடுத்தார்கள். எங்கள் வழக்கப்படி நோயாளியை விட்டுவிட்டு மனைவியை வராந்தாவுக்கு அழைத்தார்கள். மண்டையோட்டின் அடியில், நரம்புகள் வெளியேறும் இடத்தில், கட்டி. மெதுவாக வளர்வது. அறுத்தால் விழுங்கும் சக்தியே போகலாம், கதிர்வீச்சு கொடுக்கலாம், இந்த வயதில் சும்மா கவனித்துக்கொண்டும் இருக்கலாம். வீட்டில் பேசி முடிவெடுக்கச் சொன்னார் பேராசிரியர்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் வுகோசாவா.

5.
"என்னடி சொன்னான் அந்தப் பெரிய டாக்டர்?"

"காத்துதானாம்."

"காத்தைப் பாக்கவா, கிழவி, என்னைய அந்த ஸ்கேன் குழாய்க்குள்ள தள்ளினாங்க?"

அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

முடிவு அ: அவள் சொல்கிறாள், அவர் அறுவை வேண்டாம் என்று... (எனக்கெப்படித் தெரியும்?)
முடிவு ஆ: பிள்ளைகள் கூடி அறுவைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள், அவர் விழித்தெழுந்தபோது... (இல்லை. அவர் தலையைப் பற்றி இன்னொருவர் முடிவு செய்வதை நானும் செய்ய மாட்டேன்.)

லியூபின்கோ என்னைப் பார்க்கிறார். நான் எழுதுவது போல் குனிந்துகொள்கிறேன். இப்போது உங்களைப் பார்க்கிறார். வராந்தாவில் நீங்களும்தானே நின்றீர்கள்?

கட்டிலில் சற்று நகர்ந்து இடம் விடுகிறார்.

"உக்காருங்க. இவளுக்குப் பொய் சொல்ல வராது. என் தலைக்குள்ள என்ன இருக்கு?"